நான்கு நிறம் போதுமா?

பில் போடும் பழைய நிரல் ஒன்று என் கைக்கு வந்தது. ஒரே ஃபைல், மூவாயிரத்துச் சொச்சம் வரி. நாலைந்து பேர் மாறி மாறிக் கைவைத்த கோடு. வரி விகிதம் மாறினால் எத்தனை வரியைத் திருத்த வேண்டியிருக்கும் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். (இந்தத் தொழிலில் 'வரி'க்கு இரண்டு பொருள், இரண்டுமே தலைவலி.) 1.18 என்று தேடினேன், ஏழு இடம் கிடைத்தது. 0.18 என்று தேடினேன், இன்னும் இரண்டு. முடிந்தது என்று நினைத்து ஃபைலை மேலிருந்து கீழாக உருட்டிக்கொண்டு வந்தபோது ஓரிடத்தில் 118 என்றும் பக்கத்திலேயே 100 என்றும் இரண்டு எண்கள் ஊதா நிறத்தில் துருத்திக்கொண்டு நின்றன. யாரோ ஒரு புண்ணியவான் 118ஆல் பெருக்கி 100ஆல் வகுத்திருக்கிறார். தேடல் பெட்டியில் அது ஒருநாளும் சிக்கியிருக்காது. அந்த வாரம்தான் எடிட்டரின் 'தீம்' என்ற நிறத் தொகுப்பை மாற்றியிருந்தேன். திரையில் பெரும்பகுதி வெறும் கறுப்பு எழுத்து; எண்கள் மட்டும் ஊதா.

அந்தத் தீமின் பெயர் அலபாஸ்டர். சிற்பிகள் செதுக்கும் மென்மையான வெண்கல் ஒன்றின் பெயரை வைத்திருக்கிறார்கள். செய்தவர் நிகிதா புரோகோபோவ். நிரலாளர்களிடையே தோன்ஸ்கி என்ற புனைபெயரில் தெரிந்தவர், ஃபிரா கோடு என்ற எழுத்துருவும் அவர் செய்ததே. ஒரு நாள் ஒரு எண் கண்ணில் பட்டதற்காக ஒரு தீமைக் கொண்டாடுவது நியாயமில்லை. அதற்குப் பிறகு பல மாதம் அதிலேயே வேலை செய்து, எங்கே உதவியது, எங்கே காலை வாரியது என்று கவனித்தேன். அந்தக் கணக்குதான் இது.

முதலில் அதன் சட்டம். அலபாஸ்டர் நான்கே நான்கு வகைக்கு நிறம் கொடுக்கிறது: மேற்கோளுக்குள் இருக்கும் ஸ்ட்ரிங் பச்சை, எண், உண்மை-பொய் போன்ற மாறாத மதிப்புகள் ஊதா, கமெண்ட் சிவப்பு, ஒரு ஃபங்ஷனோ கிளாஸோ முதன்முதலில் அறிவிக்கப்படும் இடத்தில் அதன் பெயர் நீலம். அடைப்புக்குறி, கமா, அரைப்புள்ளி எல்லாம் சாம்பலில் பின்வாங்கிவிடும். மீதி அத்தனையும் கறுப்பு. தடித்த எழுத்து கிடையாது, சாய்ந்த எழுத்து கிடையாது. 'இஃப்', 'எல்ஸ்', 'ரிட்டர்ன்' போன்ற கீவேர்டுகளுக்கும் நிறமில்லை. கீவேர்டுக்கே நிறம் இல்லாத தீமா என்று முதலில் எனக்கும் தோன்றியது.

தோன்றுவதில் வியப்பில்லை. 1985இல் ஐபிஎம்மின் மைக் கவ்லிஷா, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைக் கணினிக்குக் கொண்டுவரும் வேலைக்காக லெக்ஸ் என்ற எடிட்டரை எழுதினார். தட்டச்சு செய்யச் செய்ய உரையின் அமைப்பைப் பகுத்து நிறத்தில் காட்டிய முன்னோடி அது. அகராதிப் பதிவில் தலைச்சொல் எது, பொருள் எது, மேற்கோள் எது என்று பதிப்பாசிரியருக்குத் தெரிய வேண்டும். நிறத்துக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. நிரல் எடிட்டர்களுக்கு வந்தபோது கதை மாறிவிட்டது. எடிட்டரால் எதையெல்லாம் பிரித்தறிய முடிகிறதோ அதற்கெல்லாம் ஒரு நிறம் என்று ஆனது. கீவேர்டைக் கண்டுபிடிப்பது எடிட்டருக்கு மிக எளிது, ஒரு சொற்பட்டியல் போதும். அதனால் கீவேர்டுதான் எல்லாத் தீமிலும் பளிச்சென்று எரிகிறது. படிக்கிறவருக்கு அது தேவையா என்று கேட்டவர் குறைவு. கல்யாண வீட்டில் சீரியல் பல்பு மிச்சம் இருக்கிறது என்பதற்காகக் கொல்லைப்புறக் கிணற்றடி வரை சுற்றிவிடுவதைப் போலத்தான் இது.

நல்ல தீம் என்று பெயர் வாங்கியவற்றில் பெரும்பாலானவை இந்த இடத்தில் கைவைக்கவே இல்லை. 2011இல் ஈத்தன் ஸ்கூனோவர் வெளியிட்ட சோலரைஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு நிறம்: பின்னணிக்கும் உரைக்குமாக எட்டு, அழுத்தம் கொடுக்க எட்டு. மனிதக் கண் ஒளியை உணரும் விதத்தை ஒட்டி அமைந்த லாப் வண்ண வெளியில் கணக்குப் போட்டு, இருண்ட வடிவமும் வெளிர் வடிவமும் ஒன்றுக்கொன்று சமச்சீராக இருக்கும்படி அவர் தேர்ந்தெடுத்தார். அவ்வளவு உழைப்பும் சாயத்தைக் கலப்பதில் போயிற்று. எதற்கு எந்தச் சாயம், எதற்குச் சாயமே வேண்டாம் என்ற கேள்வி பழைய வழக்கத்துக்கே விடப்பட்டது. விளைவு: சோலரைஸ்டின் இருண்ட வடிவில் கமெண்டுக்கும் பின்னணிக்குமான ஒளி வேறுபாடு 2.8க்கு 1தான். வலைப்பக்கங்களில் சாதாரண எழுத்துக்கு டபிள்யூ3சி சொல்லும் குறைந்தபட்சம் 4.5. கமெண்ட் மங்கலாகத்தான் இருக்க வேண்டும் என்ற வழக்கத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்றதால் வந்த எண் அது. அலபாஸ்டரின் பெருமை, வேலையைச் சாயத்தில் தொடங்காமல் சட்டத்தில் தொடங்கியது. அதன் குறைகளும் அங்கிருந்தேதான் வருகின்றன, அதற்கு வருகிறேன்.

கீவேர்டை நிறமில்லாமல் விட்டது சரிதானா? ஒரு ஃபங்ஷனைப் படிக்கும்போது 'ரிட்டர்ன்' என்ற சொல்லை நான் தேடுவதில்லை. அது வரியின் தொடக்கத்தில், உள்தள்ளலோடு, எதிர்பார்த்த இடத்தில் இருக்கிறது. எதைத் திருப்பி அனுப்புகிறது என்பதே எனக்கு வேண்டும். தமிழ் வாக்கியத்தில் 'ஆனால்', 'எனவே' எல்லாவற்றையும் சிவப்பு மையில் அச்சிட்டால் எப்படியிருக்கும்? அதைத்தான் கீவேர்டு நிறம் செய்கிறது. இந்த வாதத்தை முழுதாக ஏற்கிறேன். ஆனால் இழப்பு ஒன்று உண்டு, அதைத் தீமின் ரசிகர்கள் பேசுவதில்லை. கீவேர்டுக்கு நிறம் இருக்கும்போது, கை தவறி எழுத்து இடம் மாறினால் அந்தச் சொல் நிறம் பிடிக்காது. 'ரிட்டர்ன்' என்று அடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கையில் அது கறுப்பாகவே நிற்கும். அடித்த நொடியில் கிடைக்கும் எச்சரிக்கை அது. 2016இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மொழிச் சேவையக நெறிமுறை பரவிய பிறகு, பிழைக்கு அடியில் நெளிகோடு போடும் வேலையைத் தனியொரு நிரல் பார்த்துக்கொள்கிறது. மேசையில் உட்கார்ந்து எழுதும்போது இழப்பு தெரியாது. நள்ளிரவில் தொலைவிலிருக்கும் சர்வரில் நுழைந்து, வெறும் எடிட்டரில் நாலு வரி திருத்தும்போது தெரியும். அங்கே எனக்குப் பழைய பகட்டான நிறமே தேவலை என்று இருந்தது. வருடத்தில் சில ராத்திரிகளுக்காகத் தினசரிப் பகல்களை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனாலும் கணக்கில் எழுத வேண்டிய செலவு இது.

ஸ்ட்ரிங்குக்கு நிறம் கொடுத்ததில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை, ஆனால் காரணம் வேறு. ஸ்ட்ரிங்கைச் சுற்றி மேற்கோள்குறி ஏற்கெனவே இருக்கிறது, அது ஸ்ட்ரிங் என்று சொல்ல நிறம் எதற்கு? மூடும் மேற்கோளை மறந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை அந்த இடத்தில் நிற்காமல் ஓடத் தொடங்கும். பல மொழிகளில் வரி முடிவு வரை, சிலவற்றில் ஃபைலின் அடிவரை. அணை உடைந்த மாதிரி. திரை முழுக்கக் கறுப்பாக இருக்கும்போது பச்சை ஓடினால் கண் உடனே நிற்கிறது; ஏற்கெனவே எட்டு நிறம் கலந்து கிடக்கும் திரையில் அதே வெள்ளம் கூட்டத்தோடு கலந்துவிடும். குறைவான நிறத்தின் பலன் இங்கே கைமேல் தெரிகிறது.

இப்போது கமெண்ட். ஒருவர் மெனக்கெட்டு விளக்கம் எழுதியிருக்கிறார் என்றால் அந்த இடம் சிக்கலானது, அதைத்தான் முதலில் படிக்க வேண்டும், அதைச் சாம்பலில் மறைப்பது தப்பு என்பது புரோகோபோவின் கட்சி. கேட்கும்போது மறுக்க முடியாது. நடைமுறையில் கமெண்ட் என்பது எப்போதும் விளக்கம் இல்லையே. நான் தினமும் திறக்கும் ஃபைல்களில் பாதிக்கு மேல் தலையில் உரிம அறிவிப்போடு தொடங்குகின்றன. பதினைந்து, இருபது வரி. ஜாவா கோடு என்றால் ஒவ்வொரு மெத்தடுக்கும் மேலே ஒரு ஆவணக் கமெண்ட். 'பெயர் என்பது பெயர்' என்ற ரகத்தில், கருவி பிறப்பித்தது. அலபாஸ்டரில் இவை அத்தனையும் சிவப்பு. ஃபைலைத் திறந்ததும் யாரோ வாசலில் நின்று கத்துவது போல இருக்கிறது. அதிலும் சிவப்பு என்ற தேர்வு எனக்குப் பிடிபடவே இல்லை. எடிட்டரில் சிவப்பு என்றால் பிழை என்று கண் பல வருடமாகப் பழகியிருக்கிறது. நெளிகோடும் சிவப்பு, தோல்வியுற்ற சோதனையும் சிவப்பு. விளக்கமும் சிவப்பு என்றால் இரண்டில் ஒன்றின் மதிப்பு குறைகிறது. இருண்ட வடிவில் கமெண்டுக்கு வெளிர்மஞ்சள் கொடுத்திருக்கிறார்கள், அது பொருத்தம். வெளிர் வடிவில் மஞ்சள் எழுத்து வெள்ளையில் தெரியாது என்பது சரிதான், அதற்காகச் சிவப்புக்குத் தாவியிருக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு மறுபக்கமும் கண்டேன். முடக்கி வைத்த பழைய கோடு, 'பிறகு தேவைப்படலாம்' என்று கமெண்டாக்கி விட்டுப்போன நாற்பது ஐம்பது வரிகள், சாம்பலில் இருந்தவரை எங்கள் கண்ணுக்குத் தெரியாமலேயே இருந்தன. சிவப்பானதும் உறுத்தத் தொடங்கின. மூன்று வாரத்தில் அப்படிப்பட்டவற்றை நிறையவே நீக்கினோம். தீம் ஒன்று வீட்டைக் கூட்ட வைத்தது என்று சொல்லலாம். உரிம அறிவிப்பை மட்டும் கூட்ட முடியாது.

அடுத்து, சாயம். ஒரு தீம் சட்டத்தால் எவ்வளவு உயர்ந்தாலும் கடைசியில் கண்ணுக்கு வருவது சாயம்தானே. வெளிர் அலபாஸ்டரின் பின்னணி தூய வெள்ளை இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 247. டபிள்யூ3சி சூத்திரத்தைக் கொண்டு நானே கணக்குப் போட்டேன். ஊதாவுக்கு 6.5, சிவப்புக்கு 5.9, நீலத்துக்கு 5.7. மூன்றும் 4.5ஐத் தாண்டிவிட்டன. பச்சையின் அளவு 68, 140, 39. அதற்குக் கிடைப்பது 3.9. தேறவில்லை. சாம்பல் நிறுத்தற்குறிகள் 4.2, அவை வேண்டுமென்றே பின்வாங்கியவை என்பதால் மன்னிக்கலாம். ஸ்ட்ரிங் பின்வாங்க வேண்டியதில்லை, சட்டப்படி அது முன்னிலையில் நிற்க வேண்டிய நால்வரில் ஒருவர். கொடுத்த பதவிக்கு ஏற்ற குரல் கொடுக்கவில்லை. இருண்ட வடிவத்தின் பச்சை ஏறத்தாழ 10ஐத் தொடுகிறது. ஆக, ஒரே பெயரில் வரும் இரு வடிவங்களில் ஒன்று அளந்து பார்த்தது போலவும் மற்றது கண்மதிப்பில் விட்டது போலவும் இருக்கிறது. சூத்திரம் வலைப்பக்கங்களுக்கானது, இருண்ட பின்னணியில் அது கொஞ்சம் தாராளமாக மதிப்பெண் போடும் என்பார்கள். அதைக் கழித்துப் பார்த்தாலும் இந்த இடைவெளி பெரிது.

இந்த 3.9 எனக்கு எண்ணாகத் தெரியும் முன்பே கண்ணில் தெரிந்தது. என் வேலையில் ஒரு பகுதி, செயலிகளின் தமிழ் மொழிபெயர்ப்பு ஃபைல்கள். அவற்றில் இருப்பதெல்லாம் ஸ்ட்ரிங்தான், ஃபைல் முழுக்கப் பச்சை. நிரல் எழுத்துருவில் தமிழ் எழுத்து இருக்காது. எடிட்டர் வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும், அது பெரும்பாலும் மெல்லிய கோடுடைய ஒன்றாக அமையும். ஆங்கில எழுத்துக்கு ஒதுக்கிய அதே உயரத்துக்குள் 'ஞ'வின் சுழியும் 'ணை'யின் வளைவும் மேலே ஒரு புள்ளியும் உட்கார வேண்டும். அந்த மெல்லிய கோட்டில் வெளிர்ப்பச்சையைத் தடவினால் புள்ளி காணாமல் போகிறது. 'கல்' என்பது 'கல' என்று தெரிகிறது. ஒரு பொத்தானில் 'சேமிககவும்' என்று புள்ளி விட்டுப்போனதைக் கடைசி நேரத்தில் பிடித்தோம். அதைப் பார்த்தவர் நான் இல்லை, பக்கத்து மேசைக்காரர். அவர் திரையில் ஸ்ட்ரிங் அடர்பழுப்பு நிறம்.

இன்னொரு குறையும் இதே இடத்தில். சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாத நிறக்குறைபாடு, ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேருக்கு உண்டு. இருப்பதே நான்கு நிறம். அதில் அதிகம் புழங்கும் இரண்டைச் சிவப்பும் பச்சையுமாக வைத்தால் அவர்களுக்கு இரண்டும் பழுப்பின் இரு சாயல்கள். மேற்கோள்குறியும் கமெண்ட் குறியும் இருப்பதால் குழப்பம் வராது என்று சொல்லலாம். அப்படியென்றால் நிறம் எதற்கு என்ற கேள்விக்கே திரும்பி வருகிறோம். ஈமாக்ஸ் எடிட்டரோடு 28ஆம் பதிப்பு முதல் சேர்ந்தே வரும் மோடஸ் தீம்களைப் பார்த்தால் இந்த அலட்சியம் இன்னும் உறுத்தும். அவற்றை எழுதிய புரோட்டெசிலாஸ் ஸ்டாவ்ரூ, எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 7க்கு 1 என்பதை நிபந்தனையாகவே வைத்துக்கொண்டார்; நிறக்குறைபாடு உள்ளவர்களுக்குத் தனி வடிவங்களும் செய்து தந்தார். மோடஸில் நிறங்கள் அதிகம், சட்டம் என்று பார்த்தால் வழக்கமானதுதான். சட்டத்தைப் புரோகோபோவிடமும் அளவுகோலை ஸ்டாவ்ரூவிடமும் வாங்கி ஒன்றாக்கியிருந்தால் இந்தக் கட்டுரை இரண்டு பத்தியில் முடிந்திருக்கும்.

நான்கு வகை என்ற பிரிப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். புரோகோபோவ் நீண்டகாலம் குளோஜரில் எழுதுபவர். அந்த மொழியில் கீவேர்டு என்று சொல்லும்படியானவை வெகு சில. கிட்டத்தட்ட எல்லாமே அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரும் சில மதிப்புகளும். ஃபைலின் மேல்மட்டத்தில் வரிசையாக அறிவிப்புகள், ஒவ்வொன்றின் பெயரும் நீலம். ஃபைலை வேகமாக உருட்டினால் நீலப் பெயர்கள் மட்டும் பொருளடக்கம் போல ஓடும். அழகு. ஜாவாஸ்கிரிப்டுக்கு வாருங்கள். அங்கே பாதிப்பேர் ஃபங்ஷனை ஃபங்ஷனாக அறிவிப்பதில்லை. ஒரு மாறிக்குள் அம்புக்குறியால் எழுதிப் போட்டுவிடுகிறார்கள், அல்லது பெயரே இல்லாமல் இன்னொன்றின் வாய்க்குள் திணித்துவிடுகிறார்கள். எது அறிவிப்பு, எது வெறும் மாறி என்பதை எடிட்டரின் இலக்கணக் கோப்புதான் முடிவு செய்ய வேண்டும். ஒரு மொழிக்கான கோப்பு ஒன்றைச் சொல்லும், இன்னொன்று வேறு சொல்லும். பொருளடக்கத்தில் பாதி அத்தியாயம் விட்டுப்போன மாதிரி ஆகிறது. சிஎஸ்எஸ் ஃபைலில் எல்லாமே மாறாத மதிப்புகள். ஊதா அங்கே மலிந்துபோகிறது. நான்கு வகை எல்லா மொழிக்கும் பொது என்பது போலத் தீம் நடந்துகொள்கிறது. அது ஒரு மொழியின் வசதியிலிருந்து பிறந்தது, அந்தச் சாயல் போகவில்லை.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் இன்னும் இதையே வைத்திருக்கிறேன்? இங்கேதான் மாற்றியமைக்கும் வசதி வருகிறது. பொதுவாக இந்த வசதி என்றாலே எனக்குச் சந்தேகம் உண்டு. 'உங்களுக்குப் பிடித்தபடி மாற்றிக்கொள்ளலாம்' என்பது பல இடங்களில் 'நாங்கள் முடிவெடுக்கவில்லை' என்பதன் மரியாதையான வடிவம். பழைய தீமில் ஸ்ட்ரிங் நிறத்தை மாற்ற ஒருமுறை முயன்றிருக்கிறேன். ஃபைலைத் திறந்தால் நூற்றுக்கணக்கான விதிகள். பச்சை என்று பதினோரு இடத்தில், கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட பதினோரு பச்சை. ஒன்றை மாற்றினேன், பைதானில் சரியாக வந்தது, எச்டிஎம்எல்லில் பண்புகளின் மதிப்பு பழைய நிறத்திலேயே நின்றது. அன்றோடு விட்டுவிட்டேன்.

அலபாஸ்டரின் சப்ளைம் டெக்ஸ்ட் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தீம் ஃபைலின் தலையில் நிறங்கள் மாறிகளாக அறிவிக்கப்படுகின்றன. கீழே உள்ள விதிகள் அந்தப் பெயர்களை மட்டுமே பயன்படுத்தும். மெனுவில் 'கஸ்டமைஸ் கலர் ஸ்கீம்' என்பதைத் தட்டினால் உங்களுக்கென்று ஒரு வெற்று ஃபைல் திறக்கும். அதில் பச்சைக்குப் புதிய மதிப்பை ஒரே வரியில் எழுதிச் சேமித்தால், மூலத்தைத் தொடாமலே அது மேலே அமர்ந்துகொள்ளும். நான் 58, 120, 33 என்று போட்டேன். வேறுபாடு 5ஐத் தொட்டது. 'சேமிக்கவும்' புள்ளியோடு தெரிந்தது. சிவப்பை இறக்கி, பழுத்த புளியின் நிறம் ஒன்றைக் கமெண்டுக்குக் கொடுத்தேன். மொத்தம் இரண்டு வரி. எங்கே என்ன மாறும் என்று மாற்றும் முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. மாறிகள் உள்ள தீம்கள் வேறும் உண்டு, ஆனால் இருபது மாறியின் பொருளை நினைவில் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. நான்கை வைத்துக்கொள்ள முடிகிறது. குறைவாக இருப்பதும் மாற்றத்தக்கதாக இருப்பதும் இந்தத் தீமில் இரண்டு தனிச் சிறப்புகள் என்றே முதலில் எண்ணியிருந்தேன். முதலாவது இல்லாமல் இரண்டாவது பெயரளவுக்குத்தான்.

வி.எஸ். கோடில் இவ்வளவு சுகம் இல்லை. அங்கே நிறத்துக்குப் பெயர் கிடையாது. அமைப்புக் கோப்பில் தீமின் பெயரைக் குறிப்பிட்டு, எந்த இலக்கண வகைக்கு எந்த நிறம் என்று விதியாக எழுத வேண்டும். எழுத முடியும், எழுதினேன். ஆனால் வகைகளின் நீண்ட பெயர்களைத் தெரிந்துகொள்ள எடிட்டரின் ஆய்வுக் கருவியைத் திறந்து ஒவ்வொரு சொல்லாகச் சுட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. இது தவிர, அடைப்புக்குறிகளுக்கு அடுக்குக்கு ஒரு நிறம் கொடுக்கும் வசதி அந்த எடிட்டரில் தனியாக இருக்கிறது. அதை அணைக்காவிட்டால், சாம்பலில் பின்வாங்க வேண்டிய அடைப்புக்குறிகள் திரும்பவும் மாலை கட்டிக்கொண்டு நிற்கும்.

எழுத்துக்கு நிறம் கொடுக்காமல் எழுத்தின் பின்னணியில் வெளிர்ச்சாயம் பூசும் இன்னொரு வடிவமும் அலபாஸ்டரில் உண்டு; பாடப்புத்தகத்தில் ஹைலைட்டர் பேனாவால் தீட்டியது போல. எழுத்து கறுப்பாகவே நிற்பதால் வேறுபாட்டுச் சிக்கல் அடியோடு தீர்ந்துவிடுகிறது. தமிழ் ஃபைல்களுக்கு அதுவே மேல். ஆனால் ஒரு சொல்லைத் தேடும்போதும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போதும் எடிட்டரும் பின்னணியில்தான் நிறம் காட்டும். இரண்டு சாயம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எது எது என்று தெரியாமல் போகிறது. மொழிபெயர்ப்பு ஃபைலுக்கு மட்டும் அதை வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் சரி, நிறம் உண்மையில் உதவுகிறதா என்ற அடிப்படைக் கேள்வியைத் தள்ளிவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் இதைச் சிறுபிள்ளைத்தனம் என்றே ஒதுக்கியவர். குழந்தைக்குக் கணக்குச் சொல்லித்தர வைத்திருக்கும் வண்ணக் குச்சிகளோடு ஒப்பிட்டார். அவர் எழுதிய ஆக்மி எடிட்டரில் இன்றும் கோடுக்கு நிறம் கிடையாது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஜாவா கற்கும் 390 மாணவர்களிடம் நிறத்தோடும் நிறமில்லாமலும் கோடைக் கொடுத்துப் பார்த்தது. விடைகள் சரியாக இருந்ததில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. இதை வைத்துக்கொண்டு நிறமே வீண் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த ஆய்வு சோதித்தது வழக்கமான நிறப்பூச்சை, அதுவும் கற்றுக்கொண்டிருப்பவர்கள் மீது, சின்னச் சின்னக் கோடில். மூவாயிரம் வரியில் ஒளிந்த 118ஐப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதே நேர்மையோடு, அலபாஸ்டர் வேலையை வேகமாக்கும் என்றும் நான் சொல்ல முடியாது. யாரும் அதை அளக்கவில்லை, எனக்கு அப்படி உணர்வும் இல்லை. முன்பு எழுதிய வேகத்தில்தான் இன்றும் எழுதுகிறேன்.

நான் அளக்க முடிந்தது ஒன்றே ஒன்று. உங்கள் தீமில் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியுமா என்று 2025இல் எழுதிய கட்டுரையில் புரோகோபோவ் கேட்கிறார். அதைப் பேனா காகிதத்தோடு எனக்கு நானே வைத்துக்கொண்டேன். ஐந்து வருடம் பார்த்த பழைய தீமில் ஒன்பது நிறம். மூன்றுக்குத்தான் பொருள் எழுத முடிந்தது. ஆரஞ்சு என்று ஒன்று இருந்தது, அது எதற்கு என்று இன்றுவரை தெரியாது. ஐந்து வருடம் ஒரு சைகையைப் பார்த்தும் பொருள் தெரியவில்லை என்றால் அது சைகை இல்லை, ஜிகினா. அலபாஸ்டருக்கு மாறிய இரண்டாம் நாள் நான்குக்கும் பொருள் சொல்ல முடிந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. சட்டமாக அலபாஸ்டருக்கு முதல் வகுப்பு. கீவேர்டை விட்டதும் ஸ்ட்ரிங்கையும் எண்ணையும் அறிவிப்பையும் எடுத்ததும் சரி. கமெண்டைப் பற்றிய சட்டம் பாதிதான் சரி. எழுதிய விளக்கத்தையும் ஒட்டிவைத்த சடங்கையும் அது பிரிக்கவில்லை. சாயமாக, இருண்ட வடிவம் தேறுகிறது. வெளிர் வடிவம், பச்சையைத் திருத்தாதவரை, தேறவில்லை. ஜாவாஸ்கிரிப்டே தொழிலாக உள்ளவர்கள் நீலத்தை நம்பிக் களத்தில் இறங்க வேண்டாம். நிறக்குறைபாடு உள்ளவர்கள் மோடஸுக்குப் போகலாம், அல்லது இதிலேயே சிவப்பை முதல் வேலையாக மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்கள் நிறுவிய அன்றே அந்த இரண்டு வரியை எழுதிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

உரிம அறிவிப்புக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. இருபது வரிப் புளிநிறம் இன்னும் ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் உட்கார்ந்திருக்கிறது. சட்டத்தில் ஐந்தாவதாக ஒரு வகை சேர்த்து அதை மங்கலாக்கப் பார்த்தேன். எடிட்டரின் இலக்கணத்துக்கு உரிம அறிவிப்பும் ஒரு கமெண்ட்தான், பிரித்துத் தர அதற்குத் தெரியவில்லை. ஃபைலைத் திறந்ததும் அதைச் சுருட்டி மடிக்க ஒரு குறுக்குவிசை வைத்திருக்கிறேன். கை இப்போது பார்க்காமலே அதை அழுத்தப் பழகிவிட்டது.